ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிள்

மாப்பிள்ளைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, அந்த அறையில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், சுவரில் தொங்கிய காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு வருகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "விவரமாச் சொல்லுங்கம்மா" என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிய இதே கையால் கோயமுத்தூரில் சொந்தமாக மோட்டார் பம்ப் கம்பெனி கட்டியவன். தெரியாததைக் கேட்பதற்கு நான் வெட்கப்பட்டதே கிடையாது. வெட்கப்பட்டிருந்தால் இன்னும் கூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

விஷயம் என் மகளைப் பற்றியது. இரண்டாவது பிரசவத்தில் எங்கள் கையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவள் அவள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் வேண்டும் என்று நர்சு வந்து சொன்னதும் கம்பெனிக்கு ஒரு போன் போட்டேன். ஷிப்டை நிறுத்திவிட்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வைண்டிங் செக்ஷன் மொத்தமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. எத்தனை முதலாளிக்கு அப்படி வருவார்கள், சொல்லுங்கள். மகள் பிழைத்தாள். ஆனால் இருதயம் பலவீனப்பட்டுவிட்டது. இன்னொரு முறை உண்டானால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்றார் டாக்டரம்மா. அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து இன்னொரு ஆபரேஷன் செய்வதும் இப்போதைக்கு வேண்டாம். ஆண்களுக்குச் செய்வது சின்ன வேலை, தையல்கூடக் கிடையாது, அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

மச்சான் காலண்டரை விட்டுத் திரும்பினார். "ஏனுங்கம்மா, ஆம்பளைக்குப் போயி... தோட்டங்காட்டுல பாடுபடற ஒடம்புங்க. பொறவு மம்பட்டி புடிக்க முடியுமுங்களா?"

"மம்பட்டியும் புடிக்கலாம், டிராக்டரும் ஓட்டலாமுங்க. ஒண்ணும் கொறையாது."

"ஒண்ணுமுங்களா?"

"ஒண்ணுமேதானுங்க" என்றார் டாக்டரம்மா, கொஞ்சமும் சிரிக்காமல்.

மூலையில் நின்றிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்கே பண்ணிப்போடுங்க. அவளை இனி ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

சத்தி என்று நாங்கள் சொல்லும் சத்தியமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டமும் கறவை மாடுகளும் வைத்திருப்பவர் அவர். பெண் கொடுப்பதற்கு முன் வீடு பார்க்கப் போனபோது, உடன் வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அவர்களுடைய மாடியையும் டைல்ஸையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் பின்பக்கம் போய்க் கட்டுத்தரையைப் பார்த்தேன். ஒரு மாட்டுக்குக் கயிறு உராய்ந்து கழுத்து தேய்ந்த இடத்தில் பழைய வேட்டித் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், பெண் இந்த வீட்டுக்குத்தான் என்று. ஆளை எடைபோடுவதில் எனக்கு நிகர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அது இன்னொரு முறை தெரிந்தது.

ஆபரேஷன் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கொஞ்சம் கால் அகட்டி நடந்து வந்தார், அவ்வளவுதான். டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இதோட முடிஞ்சுதுனு நெனச்சுக்காதீங்க. ஏற்கெனவே உள்ள இருக்கறது வெளிய போக மூணு மாசம் ஆகும். அப்பறம் விந்து டெஸ்ட் பண்ணிப் பார்த்து, அதுல உயிரணு இல்லைனு நான் சொல்ற வரைக்கும் வேற பாதுகாப்பு கட்டாயம் வேணுமுங்க. நெறையப் பேரு ஆபரேஷனோட போயிடறாங்க. டெஸ்ட்டுக்குத் திரும்பி வாரதே இல்ல. அங்கதான் தப்பு நடக்குது."

"அட, கேட் வால்வை மூடினாலும் வால்வுக்கு அக்கட்டால பைப்புல நிக்கற தண்ணி வந்துதானுங்க தீரும்" என்றேன் நான். "வால்வு சுத்தமா மூடியிருக்குதான்னும் பார்த்துப் போடோணும். டெஸ்ட் பண்ணாத மோட்டாரை என்ற கம்பெனில லாரில ஏத்த உடமாட்டனுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை விட நல்லா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றார். இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு அவர் கேட் வால்வைச் சொல்லித்தான் விளக்குகிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்றும் சொல்கிறாராம்.

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அம்மணி இப்ப அவங்க அப்பா ஊட்டுல இருக்கறாங்க. ஆனாலும் உள்ள இருக்கறது அப்பப்ப வெளிய போயிட்டு இருந்தாத்தான் சீக்கிரம் தீரும். நான் சொல்றது புரியுதுங்களா?" மாப்பிள்ளையின் காது இரண்டும் செம்பருத்திப் பூவாகிவிட்டது. இந்த முறை காலண்டரைப் பார்த்தது நான்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மகள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அந்த டெஸ்ட்டு ரிப்போர்ட்டு வராம நான் சத்திக்குப் போவமாட்டனுங்கப்பா."

"வேற பாதுகாப்பு இருக்குதுனு டாக்டரம்மா சொல்றாங்கல்ல, கண்ணு?"

"அவங்க சொல்லுவாங்க. அன்னிக்கு ரத்தம் போறப்ப, கால் ரெண்டும் சில்லுனு ஆயி, நீங்க பேசறது எல்லாம் தூரமாக் கேட்டுது. அது எனக்குத்தான தெரியும்."

எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வீட்டில் அன்றைக்கு நான் கைக்குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். புருஷன் மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளை முழம் முழமாக மல்லிகையோடு வந்து இறங்குவார். அவள் பூவை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொள்வாள். ஆனால் காபி டம்ளரை அவர் கையில் கொடுக்க மாட்டாள். டீப்பாயில் வைத்துவிட்டுத் தூரமாகப் போய் உட்காருவாள். அவரும் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு, மாட்டுக்குத் தீவனம் போடவேண்டும் என்று கிளம்பிவிடுவார்.

மூன்று மாதம் முடிந்தது. மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா... அதை எடுத்துட்டு வரோணுமுங்க."

"எதைங்க மாப்ளை?"

"அதாங்க மாமா. டெஸ்ட்டுக்கு."

"ஓ! எடுத்துட்டு வாங்க, எடுத்துட்டு வாங்க!"

"எப்படிங்க எடுத்துட்டு வாரது? பாட்டில் குடுக்கறப்ப அந்த லேபு புள்ளை என்னமோ சொல்லுச்சுங்க. எனக்குக் கூச்சத்துல ஒண்ணும் காதுல ஏறலீங்க. மறுக்காக் கேக்கவும் ஒரு மாதிரியா இருக்குதுங்க."

அவர் கேட்டதும் எனக்கு மூளை மின்னலாக வேலை செய்தது. அவருடைய கட்டுத்தரைக்குச் சினை ஊசி போட வருகிறவர் ஒரு சிலிண்டர் தூக்கி வருவார். மூடியைத் திறந்தால் புகை கிளம்பும். காளையின் விந்து அதற்குள் குளிரில் எத்தனையோ நாள் கெடாமல் இருக்கிறது. மாடு வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும்.

"மாப்ளை, ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வாங்க. மாட்டுக்கே அத்தனை பக்குவம் பார்க்கறாங்க. மனுசனுக்குப் பார்க்க வேண்டாமுங்களா?"

"அட ஆமாங் மாமா! எனக்குத் தோணவே இல்லீங்க பாருங்க!"

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். மாட்டைப் பழகாதவனுக்குத்தான் வேறு மாதிரி தோன்றும்.

மறுநாள் காலையில் மல்லிகை ஏற்றுமதிக்குப் பூ அடுக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் காரின் பின் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டு, சத்தியிலிருந்து ஓட்டிக்கொண்டு, நான் காத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். லேபில் இருந்த பெண் மூடியைத் திறந்தாள். மல்லிகை வாசம் அந்த அறை முழுக்க அடித்தது. "ஏனுங்க, பூவுங்களா? எங்களுக்குங்களா?" என்று ஆசையாகக் கேட்டவள், ஐஸ் துண்டுகளுக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்துப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அதை உள்ளே எடுத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வந்து சொன்னாள். "கொஞ்சம் உயிரணு இருக்குதுங்க. ஆனா ஒண்ணும் நகரலீங்க. டாக்டரம்மாவப் பார்த்துட்டுப் போங்க."

நகரவில்லை! நகராதது செத்ததுதானே! நான் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துவிட்டேன். எங்கள் பக்கம் மாமனார் மாப்பிள்ளையைத் தொட்டுப் பேசுவதே அபூர்வம். அந்த வராந்தாவில் கட்டிப் பிடித்தேன். வீட்டுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சாச்சு! அம்மணியைக் கெளம்பச் சொல்லு!" என்று கத்தினேன். எதிர்க் கடைக்கு ஓடி மைசூர்பா வாங்கி வந்து, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "மாப்ளை டெஸ்ட்டுல பாஸுங்க" என்றேன்.

டாக்டரம்மா அழைத்தார். மைசூர்பாவை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஐஸ்ல வெச்சா நகராதுதானுங்க. உயிரோட இருந்து குளுந்து நின்னுபோச்சா, இல்ல முன்னாடியே செத்துப்போச்சானு இதை வெச்சு என்னால சொல்ல முடியாது. சத்திலிருந்து வார நேரமும் அதிகம். இந்தச் சாம்பிள் செல்லாதுங்க."

"மாட்டுக்கு மட்டும் ஐஸ்ல செல்லுதுங்களா?"

"மாட்டுக்கு அதுக்குனு மருந்து கலந்து, முறையா உறைய வெக்கறாங்க. நீங்க பூ வெக்கற பெட்டில..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் மகள் சாகக் கிடந்த நாட்களில் கல் மாதிரி நின்ற அம்மா அது. இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்து முடித்துச் சொன்னார்: அடுத்த மாதம் மறுபடியும் எடுக்கவேண்டும், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும், வழியில் உடம்புச் சூட்டிலேயே, கக்கத்தில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது மகள் பெட்டி கட்டி, குழந்தைகளுக்குப் புதுச் சட்டை போட்டு, வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பல மாதமாக நான் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய், மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தாள். கரண்டு ஆபீசில், பாங்கியில், எங்கே போனாலும் நாற்காலி போடச் சொல்லி உட்காருகிறவன் நான். அன்றைக்கு என் வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"அப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "இனி வாயில சொல்ல வேண்டாமுங்க. பேப்பரை என்ற கையில குடுங்க. நானே படிச்சுக்கறேன்."

சரி என்று அடுத்த முறைக்குத் திட்டத்தை நானே போட்டேன். ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆனால் அது பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், அங்கே சத்திக்காரர் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று மாப்பிள்ளை மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம். மாடியில் என் அறையைக் காலி செய்து கொடுத்தேன். என் வண்டியை வாசல் பக்கம் திருப்பி நிறுத்தினேன். மாடிப்படியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

மாப்பிள்ளை மேலே போனார். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கேட்டைத் திறந்துகொண்டு மச்சான் வந்து நிற்கிறார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், அவருடைய மகன் கல்யாணப் பத்திரிகை.

"மாப்ளை வண்டி நிக்குது, நல்லதாப் போச்சு. சத்திக்கு ஒருநடை மிச்சம். எங்கீங்க அவரு?"

"மேல இருக்கறாருங்க. எங்ககிட்டக் குடுங்க, நாங்க குடுத்துக்கறோம்."

"நல்லாச் சொன்னீங்க போங்க! மாப்ளை ஊட்டுல இருக்கறப்ப மாமனார் கையில குடுத்துட்டுப் போனேன்னா, நாளைக்கு அவிய ஊட்டுல என்னைய என்ன சொல்லுவாங்க? நானே மேல போயிக் குடுத்துட்டு வாரேன்."

"மேல போவாதீங்க!" நான் படிக்கட்டில் குறுக்கே நின்றேன்.

"ஏனுங்க, தூங்கறாருங்களா?"

"இல்லீங்க."

"பூசை பண்றாருங்களா?"

சம்சாரம் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளே பாத்திரம் உருண்டது. அவள் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மாடிக் கதவு திறந்தது. மாப்பிள்ளை வலது கையை உடம்போடு ஒட்டி, கக்கத்தை இறுக்கிக்கொண்டு, படியில் வேகமாக இறங்கி வந்தார். மச்சானைப் பார்த்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டார். மச்சான் முகம் மலர்ந்து தாம்பாளத்தை நீட்டினார். "வாங்க மாப்ளை! பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். குடும்பத்தோட முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கோணும்!"

தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஒரு கையால் வாங்குவது உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று முகத்தில் அடித்துச் சொல்வதற்குச் சமம். எங்கள் சனத்தில் இதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இருக்கின்றன. வலது கையைத் தூக்கினால் பாட்டில் கீழே விழும். மாப்பிள்ளை இடது கையை மட்டும் பாதி நீட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார். வெறும் இடது கை! மச்சானின் முகம் சுருங்குகிறது. நேரமோ ஓடுகிறது. எத்தனையோ சிக்கலை நின்ற இடத்தில் தீர்த்தவன் நான்; அந்த நிமிஷம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அப்போது மகள் உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மாப்பிள்ளையின் இடது பக்கம் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். தன் வலது கையை அவர் கைக்குப் பக்கத்தில் சேர்த்து நீட்டினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கறோம் குடுங்க மாமா" என்றாள்.

அவர் கை ஒன்று, இவள் கை ஒன்று. தாம்பாளம் இரண்டு கையில் இறங்கியது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "சோடியா நின்னு வாங்கறாங்க பாருங்க! இப்படி இருக்கோணும்!" என்றார். மாதக் கணக்கில் டம்ளரைக்கூடக் கையில் கொடுக்காத பெண் அவரை ஒட்டி நிற்கிறாள். மாப்பிள்ளையைப் பார்த்தால், அவர் தாம்பாளத்தையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை.

"ஓடுங்க, ஓடுங்க!" என்றேன்.

மகள் தாம்பாளத்தைத் தன் அம்மா கையில் திணித்துவிட்டு, "நானும் வாரேன்" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மச்சான் கேட்டருகே ஓடி வந்து, "ஏனுங்க, கையில அடி கிடி பட்டிருச்சுங்களா? எங்கீங்க போறீங்க?" என்று கத்துவது கேட்டது. நான் வண்டியை ஓட்டிய ஓட்டத்தை அந்த ரோடு அதற்கு முன் பார்த்திருக்காது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம், "மாப்ளை, சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இருக்குதுங் மாமா" என்பார். மகள் பின்னாலிருந்து, "கையத் தூக்காதீங்க, கையத் தூக்காதீங்க" என்று அவரை அதட்டிக்கொண்டே வந்தாள். கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

லேபில் அதே பெண். பாட்டிலை வாங்கித் தொட்டுப் பார்த்து, "இப்ப சரிங்க. பூ இல்லீங்களா?" என்றாள். பிறகு வராந்தாவில் காத்திருந்தோம். இந்த முறை நான் எதிர்க் கடைப் பக்கமே போகவில்லை. மகள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கைகள் இரண்டும் சும்மாவான பிறகும் வலது கையை ஒட்டியே வைத்துக்கொண்டிருந்தார், மறந்துவிட்டார் போலிருக்கிறது.

டாக்டரம்மா கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நான் கை நீட்டினேன். அவர் எனக்குக் கொடுக்காமல் மகளிடம் கொடுத்தார். அவள் காலேஜ் படித்தவள். மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"ஒண்ணு கூட இல்லீங்களா டாக்டர்?"

"ஒண்ணுகூட இல்லைங்க அம்மணி. நகர்றதும் இல்ல, நகராததும் இல்ல. நல்லாத் தேடிப் பார்த்துட்டோம். இனி உங்களுக்கு வேற பாதுகாப்பு எதுவும் வேண்டாம்."

"உறுதியாங்க?"

"நானே ரெண்டு தடவை பார்த்தேன்."

மகள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, "கெளம்புங்க. ஊட்டுக்குப் போயிப் பசங்களைக் கூட்டிட்டு, பொழுது சாயறதுக்குள்ள சத்தி போயிரோணும்" என்றாள். டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மாப்பிள்ளை அவள் பின்னாலேயே போனார்.

நான் டாக்டரம்மாவிடம் இன்னும் ஏதாவது பேசலாம் என்று நின்றேன். வால்வு பற்றி, டெஸ்டிங் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "போங்க, வண்டி போயிரப் போகுது" என்று அவர் சிரித்தார்.

வெளியே வந்தால், மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார். மகள் அவர் பக்கத்துச் சீட்டில். சொந்தமாகக் கார் வாங்கிய நாளிலிருந்து நான் என் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது; கியரும் ஸ்டியரிங்கும் என் கையில்தான் இருக்கும். அன்றைக்குப் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். ஐஸ் பெட்டியை யோசித்தது தப்பில்லை, இந்தத் தொழிலில் இன்னும் கண்டுபிடிக்கவேண்டியது நிறைய இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். முன்னால் இரண்டு பேரும் "உம்", "உம்" என்றார்கள். மாப்பிள்ளையின் இடது கை கியரில் இருந்தது. அந்தக் கை மேல் அவள் கை இருந்தது. நான் கண்ணாடியைத் திறந்து, காற்று வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.